அக்கா விட்டுவந்த சொல்

எங்களைப் போன்ற பாத்திரக் கடைக்காரர் வீட்டில் சேவை என்றால், ஓட்டை அண்டாவுக்கு ஈயம் வைத்துக் கொடுத்துவிட்டுக் கூலி வாங்காமல் இருப்பது. அதுவும் நாலு பேர் பார்க்கும்போது. அக்கா அந்த ரகம் இல்லை. கடல் தாண்டிப் போய், பூகம்பத்தில் கால் போனவர்களை நடக்க வைக்கும் பயிற்சிக்கூடத்தில் சம்பளமில்லாமல் வேலை பார்த்தாள். அப்பா ஆஸ்பத்திரியில் படுத்ததும் அவள் திரும்பி வந்தாள். நானும் அதே பிசியோதெரபி படித்தவன் என்பதால், கல்லாவில் ஆள் மாற்றுவதுபோல என்னை அனுப்பினார்கள்.

பெட்டி கட்டும்போது அக்கா பக்கத்தில் உட்கார்ந்து புத்திமதி சொன்னாள்.

"சாக்லேட் மூட்டையோட போய் நிக்காதடா, புள்ளைங்களுக்குப் பல்லுதான் சொத்தையாகும். யாரையும் போட்டோ புடிக்காத. ரப்பர் செருப்பு ரெண்டு ஜோடி வெச்சுக்க, தரை எப்பவும் ஈரம். அவங்க சொல்றதக் கேட்டுட்டு அப்புறம் உன் படிப்பக் காட்டு. முக்கியமா, யாருக்கும் வாக்குக் குடுக்காத. நாம வந்து போற ஆளுங்க."

"நம்ம வீட்டுல யாரு வாக்குக் குடுத்தா? 'பாக்கலாம்'னு சொல்லியே மூணு தலைமுறை ஓட்டியாச்சு."

அவள் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. அப்பா படுத்ததிலிருந்து வாய் மட்டும்தான் பழக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

செருப்பு விஷயம் உண்மை. கூடத்துத் தரையை மருந்துத் தண்ணீரால் கழுவிக்கொண்டே இருந்தார்கள். நடுவில் இடுப்புயரத்துக்கு இரண்டு கம்பிகள். அவற்றைப் பிடித்துக்கொண்டு நடந்து பழக வேண்டும். எல்லோரும் பழகினார்கள், ஒரு கொத்தனாரைத் தவிர. சுவர் சரிந்து இடது முழங்காலுக்குக் கீழே போய்விட்டது அவருக்கு. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து வாசலைப் பார்த்தபடியே இருந்தார். முட்டி மடிந்தபடி இறுகிக்கொண்டிருந்தது. செயற்கைக்கால் செய்கிறவர் அந்த வாரக் கடைசியில் அளவெடுக்க வருகிறார். அதற்குள் முட்டி நிமிராவிட்டால் இவருக்குக் கால் இல்லை. அடுத்து அவர் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது.

எனக்கு மொழிபெயர்க்க ஒருவர் இருந்தார். எங்கள் ஆட்களோடு கப்பலில் வேலை பார்த்துத் தமிழ் கற்ற உள்ளூர்க்காரர். அக்கா அவருக்கு வைத்த பெயர் தந்தி. எவ்வளவு நீளப் பேச்சானாலும் இரண்டு வார்த்தைக்கு மேல் தரமாட்டார்.

"அண்ணே, பாதித் தூரம் நடங்க போதும். மீதி நாளைக்கு," என்று பேரத்தைத் தொடங்கினேன்.

கொத்தனார் வெகுநேரம் பேசினார், கையை வேறு ஆட்டினார்.

"வேண்டாம்ங்கறாரு," என்றார் தந்தி.

"சரி, நடக்க வேண்டாம். சும்மா எந்திரிச்சு நிக்கட்டும்."

இன்னும் நீளமாகப் பேசினார்.

"வேண்டவே வேண்டாம்ங்கறாரு."

விலை கேட்டுத் திட்டுகிறவனிடம் வியாபாரம் செய்யலாம். விலையே கேட்காதவனிடம் என்ன செய்வது? தந்தியை ஓரமாக அழைத்துப்போய், முழுசாகச் சொல்லும்படி கெஞ்சினேன்.

"ஒருத்தர் எழுப்புன சுவரை நடுவுல இன்னொருத்தர் தொட மாட்டாங்களாம், தம்பி. உங்கக்கா வந்து முடிப்பாங்களாம். வரேன்னு சொல்லிட்டுத்தான் போனாங்களாம்."

"அக்காவா? வாக்கே குடுக்காதன்னு எனக்குச் சொன்னவளே அவதான்."

"தெனமும் சாயங்காலம் சொல்லுவாங்க. மொதல்ல தமிழ்ல, அப்புறம் எங்க மொழியில. 'போயிட்டு'க்கு என்ன வார்த்தை, 'வரேன்'க்கு என்ன வார்த்தைன்னு எங்கிட்டதான் கேட்டு வெச்சிருந்தாங்க. மறுநாள் கரெக்டா வந்துருவாங்க. கடைசி நாளும் அதையேதான் சொன்னாங்க."

புரிந்தது. போயிட்டு வரேன்.

அக்காவுக்கு போன் போட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தாள்.

"அப்பா எப்படி இருக்காரு?"

"அப்படியேதான் இருக்காரு."

விஷயத்தைச் சொன்னேன்.

"வேற எப்படிடா சொல்லுவேன்? கிளம்பறப்ப போறேன்னா சொல்லுவாங்க?"

"இப்ப சொல்லு. ஸ்பீக்கர்ல போடறேன்."

"இங்க நின்னுகிட்டா? அப்பா ரூம் வாசல்ல நின்னு அந்த வார்த்தையைச் சொல்லச் சொல்றியா? வாயில வராதுடா."

"தமிழ்ல சொல்லாத. அவங்க காசு வேற, நம்ம காசு வேற. அங்க செல்லுறது இங்க செல்லாது."

"வாயப் பாரு, கடைக்காரன் வாயி," என்றாள். குரலில் கோபம் இல்லை. நான் ஸ்பீக்கரைப் போட்டு, போனைக் கொத்தனார் கையில் கொடுத்தேன்.

அக்கா அவர் மொழியில் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். போய்விட்டேன். வரமாட்டேன். பிறகு தமிழுக்குத் தாவி, எங்களில் யாரும் கிளம்பும்போது அந்தச் சொல்லைச் சொல்வதில்லை, போகிறவர் எல்லோருமே வரேன் என்றுதான் சொல்லுவோம், அது வாக்கு இல்லை என்றாள். தந்தி அதை மட்டும் சுருக்காமல் சொன்னார்.

கொத்தனார் ஒரு சொல் சொன்னார்.

"சரிங்கறாரு."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கம்பியைக் கை காட்டினார். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனேன். முட்டியை நீட்டும்போது பல்லைக் கடித்தார்; நானும் விடாமல் அழுத்தினேன். வலிக்கிறதா என்று கேட்கத் தோன்றவில்லை. அந்த வாரம் முழுக்க அதுதான் நடந்தது. அளவெடுக்க வந்தவர் முட்டியைத் தட்டிப் பார்த்து, "கொஞ்சம் சாய்ஞ்சுதான் நடப்பாரு. ஆனா நடப்பாரு," என்றார்.

கால் வந்து, பழகி, கொத்தனார் வீட்டுக்குக் கிளம்பும் நாளும் வந்தது. சந்தோஷப்பட வேண்டிய நாள் என்று தெரிந்தது, தெரிந்ததோடு சரி. இரவல் சட்டையும் புதுக்காலுமாக வாசல்வரை சாய்ந்து சாய்ந்து நடந்தார். அங்கே நின்று திரும்பி, என் முகத்தைப் பார்த்துத் தெளிவான தமிழில் சொன்னார்.

"போயிட்டு வரேன்."

பக்கத்தில் நின்ற தந்தி பழக்க தோஷத்தில் அதையும் மொழிபெயர்த்தார்.

"வரமாட்டேங்கறாரு."