கொக்கின் கால் முடிச்சு

என் அகத்துக்காரர் ஸ்ரீனிவாசராகவன் பாங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது அவருக்கு இருக்கும் ஒரே உத்தியோகம் எங்கள் பெண் ஹம்சினியைப் பற்றிப் பெருமை அடித்துக்கொள்வது. அவள் எடுத்த படத்தைப் பேட்டைக் கிளப்பில் திரையிடப் போகிறார்கள் என்றதும் கரியாஹாட் மார்க்கெட்டின் வங்காளிக் கத்தரிக்காய்க்காரன் வரைக்கும் அழைப்பு போய்விட்டது. எனக்கும் பெருமைதான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

ஹம்சினிக்கு சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. லீவு நாட்களில் காமிராவைத் தூக்கிக்கொண்டு, டாக்குரியாவில் எங்கள் ஃபிளாட்டுக்குப் பின்னால் இருக்கும் குளத்தங்கரைக்குப் போய்விடுவாள். வெயிலில் கறுத்து, முழங்கால்வரை சேறோடு வருவாள். குளம் எப்படிச் சாகிறது என்பதுதான் படம். சோப்பு நுரை, தெர்மாகோல் தட்டு, பூஜை முடிந்து கரைத்த பொம்மைகளின் வைக்கோல் எலும்பு என்று எல்லாவற்றையும் எடுத்திருந்தாள்.

அந்தக் குளத்தில் தூண்டில் போடுபவன் நிமாய். ரயில் பாதையோரக் குடிசையில் இருக்கிறான். பிடித்த மீனை எங்கள் கட்டடத்து வாசலிலேயே விற்றுவிடுவான். நாங்கள் மீன் வாங்குவதில்லை. ஆனாலும் என்னைப் பார்த்தால் "மாஷிமா, நல்லாயிருக்கீங்களா?" என்று சித்தி முறை வைத்து வங்காளியில் கேட்காமல் போகமாட்டான். ஹம்சினி அவனையும் படம் பிடித்திருந்தாள். படம் பார்க்கக் கூப்பிட்டும் இருந்தாள். இஸ்திரி போட்ட சட்டையும் எண்ணெய் வைத்து வாரிய தலையுமாக வந்து, கடைசி வரிசையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

விளக்கை அணைத்தார்கள். தங்கள் வீட்டு பால்கனி திரையில் வந்தபோது ஜனங்கள் சிரித்தார்கள். பிறகு கொக்கு வந்தது. தண்ணீரோரம் ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தது. காமிரா கிட்டே போயிற்று. திரை முழுக்க அந்தக் கால். கால் முழுக்க இறுகிய நூல்.

அடுத்த காட்சியில் நிமாயின் கை. தூண்டில் நூலை நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பேச்சே கிடையாது. கொக்கின் கால், உடனே நிமாயின் கை. ஹால் முழுக்க "இஷ்ஷ்" என்று சத்தம் எழுந்தது.

 என் கண் அந்த நூலிலேயே நின்றுவிட்டது. மூன்று இழை. நடுவில் ஒரு முடிச்சு. முடிச்சில் லேசாக மஞ்சள். கல்யாணமான நாளாகத் தினமும் பார்க்கிற பிரம்ம முடிச்சு எனக்குத் தெரியாதா?

ஆவணி அவிட்டத்தன்று எங்கள் ஆத்துக் கூடத்தில்தான் நாலைந்து குடும்பத்து ஆண்கள் கூடிப் பூணூல் மாற்றிக்கொள்வார்கள். கழற்றிய பழசைக் கால்படுகிற இடத்தில் போடக்கூடாது. ஊரில் என்றால் ஆறு, கிணறு. இங்கே? "குப்பையில போட்டா யாராவது மிதிப்பா. குளத்துல விட்டுட்டு வாங்கோ" என்று நான்தான் பையில் போட்டுக் கொடுத்தேன். இவர் பயபக்தியோடு போய் விட்டுவிட்டு வந்தார். ஹம்சினி அப்போது ஆபீஸில் இருந்தாள்.

இருட்டில் இவரைத் திரும்பிப் பார்த்தேன். கை சட்டைக்குள் மார்பைத் தடவிக்கொண்டிருந்தது. மனுஷருக்கும் தெரிந்துவிட்டது.

விளக்கு வந்தது. கைதட்டல் ஓயவில்லை. கிளப் செக்ரெட்டரி பட்டாச்சார்யா பாபு எழுந்து, படம் முழுக்க நன்றாக இருந்தாலும் அந்தக் கொக்குக் காட்சிதான் தன் நெஞ்சைப் பிளந்துவிட்டது என்றார். டெல்லியில் நடக்கும் விழாவுக்கு இதை அனுப்பியே தீரவேண்டும் என்றார். அதே மூச்சில், நாளையிலிருந்து குளத்தைச் சுற்றி வேலி, கதவுக்குப் பூட்டு, தூண்டில் கூடவே கூடாது என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

நிமாய் எழுந்து நின்றான். "நான் அங்கே நூலை விட்டதில்லை, பாபு" என்றான் மெல்ல.

"படத்திலேயே தெரிகிறதே" என்றார் யாரோ.

நான் இவர் முழங்கையை இடித்தேன். "ஏன்னா, எழுந்து சொல்லுங்கோ."

"என்னத்தச் சொல்றது?"

"அது நம்மாத்துப் பூணூல்."

"மெதுவாப் பேசு. கொழந்த படம் பாழாப் போயிடும். ஆத்துல போய்ப் பேசிக்கலாம்."

ஆத்தில் போய் என்ன பேசுவது? வேலியை ஆத்திலேயா போடப் போகிறார்கள்? கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. டெல்லி என்று சொன்னபோது ஹம்சினியின் முகம் மலர்ந்ததை நானும் பார்த்தேனே. சிங்காரா என்று இங்கே சொல்லும் சமோசாத் தட்டு வந்தது. ஒன்றை எடுத்துக் கடித்தேன். வெட்கமாக இருக்கிறது சொல்ல, ருசியாகக்கூட இருந்தது. தட்டு கடைசி வரிசைக்குப் போய், நிமாயைத் தாண்டிக்கொண்டு திரும்பி வந்தது. அவன் அதைக் கவனிக்காதவன்போல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கையிலிருந்த மீதியை நாற்காலியடியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

"ஹம்சி, அந்தக் கொக்குக் காலை இன்னொரு வாட்டி காட்டு" என்றேன் உரக்க.

அவள் சந்தோஷமாகக் காட்டினாள். "அங்கேயே நிறுத்து. முடிச்சப் பாரு."

பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். இவர் தலையைக் குனிந்துகொண்டார். பெண்ணின் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதைப் பெற்றவளாக நின்று பார்க்க வேண்டியிருந்தது.

என் வங்காளி கத்தரிக்காய் வாங்குகிற வங்காளி. அதை வைத்துக்கொண்டு சபையில் சொன்னேன். "அது தூண்டில் நூல் இல்லை. எங்கள் வீட்டுப் பூணூல். நான் கொடுத்தேன், அவர் போட்டார். நிமாய் ஒன்றும் செய்யவில்லை."

திட்டுவார்கள் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. பட்டாச்சார்யா பாபு திரையை உற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அட, பூணூலா? சாமி விஷயம். எங்கள் வீட்டிலும் தண்ணீரில்தான் விடுகிறோம். பெரியவர்கள் தெரிந்தா செய்வார்கள்? இதற்குப் போய் மனசைக் கஷ்டப்படுத்திக்கொள்ளாதீர்கள், பௌதி" என்று மன்னி முறை கொண்டாடினார்.

அவ்வளவுதான். வேலிப் பேச்சு அப்படியே அடங்கிவிட்டது. எல்லோரும் டீக்கு எழுந்துவிட்டார்கள். கொக்கை யாரும் நினைக்கவில்லை. நிமாயிடம் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

இவர் நிமிர்ந்து உட்கார்ந்து பெருமூச்சு விட்டார். "பாத்தியா, ஒண்ணும் ஆகல."

அந்தக் கணம் இவரோடு ஒரே வீட்டில் இருப்பதற்கே எனக்குக் கூச்சமாக இருந்தது. பையைக் கட்டிக் கொடுத்தவள் நான் என்பதால் அந்தக் கூச்சத்துக்குக்கூட எனக்கு யோக்கியதை இல்லை.

ஹம்சினி லாப்டாப் முன்னால் அசையாமல் நின்றாள். வாசலில் ஒருத்தி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். நிமாய் அவளைக் கைகாட்டி உள்ளே அழைத்துக்கொண்டு ஹம்சினியிடம் வந்தான். முகத்தில் கோபம் துளியும் இல்லை. அதுதான் தாங்கமுடியவில்லை.

"தீதி, என் சம்சாரம் வேலை முடிந்து இப்போதுதான் வந்தாள். நான் வருகிற இடத்தை மட்டும் ஒரு தடவை போட்டுக் காட்டுவீர்களா? நான் சினிமாவில் வருகிறேன் என்று சொல்லியிருந்தேன்."

படத்தில் அவன் முகமே இல்லை. அவன் வருகிற இடம் அந்தக் கை ஒன்றுதான்.

அந்தப் பெண் தலை முக்காட்டைச் சரிசெய்துகொண்டு திரையைப் பார்த்துச் சிரித்தபடி நின்றாள். அங்கே இன்னும் கொக்கின் கால் நின்றுகொண்டிருந்தது. ஹம்சினியின் விரல் பொத்தான்மேல் இருந்தது. அழுத்தவில்லை.