கமலா நினைவுக் கிரகப் பரிசு

சம்பள நாளில் மைன்ஸ் வாசலில் துண்டேந்தி நிற்கக் கண்ணையன் கூச்சப்பட்டதெல்லாம் முதல் மாதத்தோடு சரி. பிறகு அவன் தலையைக் கண்டாலே ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் சட்டைப் பையைத் தொட ஆரம்பித்தார்கள். "இன்னா கண்ணையா, வானத்துக்கு வரி வசூலா?" என்று கேலி செய்தவர்களும் காசு போடாமல் போகவில்லை. செத்துப்போன பெண்ணின் பேரில் கேட்கிறவனிடம் எவன் இல்லை என்பான்?

அவன் மகள் கமலா எட்டாவது படிக்கும்போது மஞ்சள் காமாலையில் போனாள். கிரகங்களைப் பற்றி அவள் பேச எழுந்தால் அடுத்த வகுப்புப் பிள்ளைகள்கூட ஜன்னலில் வந்து தொத்திக்கொள்வார்களாம். சனிக்கு ஏன் வளையம், வியாழனுக்கு எத்தனை நிலா என்று வீட்டில் சோறு தின்னும்போதும் அதே பேச்சுதான். கண்ணையனுக்கு ஒரு மண்ணும் புரியாது. வாயைப் பிளந்துகொண்டு கேட்பான். அவள் போன பிறகு, வருஷா வருஷம் கிரகங்களைப் பற்றி நன்றாகப் பேசும் பிள்ளைக்குக் கமலா பேரில் ஒரு பரிசு என்று அறிவியல் டீச்சர் ஏற்பாடு செய்தாள். முதல் வருஷம் அவளே கைக்காசு போட்டாள்.

"இப்படியே ஓட்ட முடியாதுங்க. ஒரு தொகை சேத்துத் தபால் ஆபீசுல போட்டுட்டா வட்டியிலயே நடக்கும். நாம இல்லாட்டியும் நடக்கும்" என்றாள்.

அந்தக் கடைசிப் பேச்சு கண்ணையன் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. வசூலான காசை ஓவல்டின் டப்பாவில் போட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தான். முழுத் தொகையும் சேர்ந்த பிறகு ஒரே தடவையாகக் கொண்டுபோய்க் கட்ட வேண்டுமென்று ஆசை. பெண்ணுக்குச் சீர் கொண்டுபோவதாக நினைப்போ என்னவோ. அவ்வப்போது கட்டியிருக்கலாம், புத்தி வேலை செய்யவில்லை.

அவன் மனைவி மாணிக்கம்மாளுக்குப் பரிசைப் பற்றி அக்கறை இல்லை. ஏழரைச் சனிதான் உன் பெண்ணைக் கொண்டுபோயிற்று என்று ஒரு ஜோசியன் சொல்லிவிட்டான். அதிலிருந்து சனிக்கிழமை தவறாமல் எள் விளக்குப் போடுவாள், போடும்போதே சனியைத் திட்டுவாள்.

அறுபத்திரண்டாம் வருஷம் தை மாதம், எட்டுக் கிரகங்கள் மகர ராசியில் கூடுகின்றன, உலகம் அழியப்போகிறது என்று ஊரே குலைநடுங்கியது. டவுன்ஷிப்பில் இருந்தவர்கள் எந்தெந்த ஜில்லாவிலிருந்தோ வந்தவர்கள். குழம்புக்குப் புளி கரைப்பதில்கூட ஒத்துப்போகாதவர்கள், பயத்தில் ஒன்றாகிவிட்டார்கள். பிளாக்குக்கு பிளாக் சாந்தி யாகம்.

அந்த வாரம் பார்த்துக் கண்ணையனின் கைக்குழந்தைக்குக் காய்ச்சல். ஷிப்ட் முடிந்து அவன் வீட்டுக்கு வந்தபோது டப்பா திறந்து கிடந்தது. மாணிக்கம்மாள் பிள்ளையை மடியில் போட்டபடி சுவரைப் பார்த்துச் சொன்னாள்:

"பாவாடை அண்ணன் யாகத்துக்கு வசூல் பண்ணிகினு வந்தாரு. எல்லாத்தையும் குடுத்துட்டங்க."

"எல்லாத்தையுமா?"

"கமலா படுத்துகினு கெடந்தப்ப, ஆஸ்பத்திரி மருந்து போதும்னு சும்மா இருந்துட்டன். இப்பவும் சும்மா இருக்கச் சொல்றீங்களா?"

கண்ணையனுக்குக் கோபம் தலைக்கேறியது. திருப்பி வாங்கிவிடுவதென்று யாகப் பந்தலுக்கு ஓடினான். "எல்லாத்துக்கும் நெய்யா வாங்கியாச்சுப்பா" என்றார் பாவாடை. நெருப்பில் அந்த நெய்யைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பின்னாலேயே வந்த மாணிக்கம்மாள் பிள்ளையோடு மண்ணில் விழுந்து கும்பிட்டாள். அவன் திரும்பிவிட்டான்.

கிரகங்கள் கூடின, கலைந்தன. உலகம் இருந்த இடத்தில் இருந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டிருந்தார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது. ஊசியால்தான் விட்டது என்று வீட்டில் சொல்ல அவனுக்குத் துணிச்சல் இல்லை. மறுபடி துண்டேந்தவும் முகம் இல்லை. பழைய காசு எங்கே என்று கேட்டால் பெண்டாட்டியை எப்படிக் காட்டிக்கொடுப்பான்? டீச்சரிடம் போய், பரிசு இத்தோடு நிற்கட்டும் என்று மட்டும் சொன்னான். கமலாவுக்கு இரண்டாம் தடவை கொள்ளி வைத்த மாதிரி இருந்தது. வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஷம்சாத் வந்தாள். ஜவுளிக்கடை ஜமால் முகமதுவின் மகள். அந்த வருஷப் பரிசு அவளுக்குத்தான் கிடைத்திருக்க வேண்டும்.

"பரிசெல்லாம் வேணாங்க. கமலா அக்கா வூட்டுல ஒரு தடவை பேசிட்டுப் போவலாம்னு வந்தேன்" என்றாள்.

கூடத்தின் நடுவில் நின்று, மேடையில் போலவே கைகூப்பிவிட்டு ஆரம்பித்தாள்:

"எட்டுக் கிரகங்களும் ஒன்று சேரவே இல்லை. நம் கண்ணுக்கு அப்படித் தெரிந்தது, அவ்வளவுதான். ஒன்றுக்கொன்று கோடிக்கணக்கான மைல் தள்ளியே இருந்தன. அவற்றுக்கு நம்மேல் கோபமும் இல்லை, பிரியமும் இல்லை. நாம் இருப்பதே அவற்றுக்குத் தெரியாது."

கமலாவே பேசுகிறாள் என்றிருந்தது கண்ணையனுக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது மாணிக்கம்மாள் கதவோரம் நின்றிருந்தாள்.

"அதுங்க ஒண்ணும் செய்யாதாம்மா?"

"செய்யாதுங்க அம்மா."

"சனிகூட?"

"சனியுந்தாங்க."

மாணிக்கம்மாள் இடுப்புப் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். அவள் குரலே மாறிவிட்டது. "அப்ப எங் கமலாவ யாரு கொண்டுகினு போனது? பாத்துகினு சும்மா இருந்த நாந்தானா?"

ஷம்சாத் ஏதோ சொல்ல வாய் திறந்தாள். கண்ணையன் கண்ணாலேயே அவளைக் கெஞ்சினான்.

"இல்ல மாணிக்கம். சனிதான். சனிதான் கொண்டுகினு போச்சு" என்றான்.

ஷம்சாத் நல்ல பெண். தலையைக் குனிந்துகொண்டாள்.