தண்ணீரில் கோளாறு இல்லை

அந்தத் தெருவில் குழாய் வேலை பார்ப்பவருக்குப் பெற்றவர்கள் ஆசையாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அது யாருக்கும் ஞாபகமில்லை. எல்லாருக்கும் அவர் 'அடைப்பு அண்ணன்'. எந்த வீட்டுக் குளியலறையில் தண்ணீர் தேங்கினாலும் அவருக்குத்தான் போன் வரும். வளைந்த கம்பியை உள்ளே விட்டு ஒரு சுழற்று சுழற்றி, கொத்தாக முடியை இழுத்துப் போட்டு, "இதுதாங்க, வேற ஒண்ணுமில்ல" என்று கையைக் கழுவிக்கொண்டு போய்விடுவார்.

அப்படி ஊரார் முடியையெல்லாம் முகம் சுளிக்காமல் அள்ளிய மனிதர், ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுக் குளியலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கையில் இருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவும் நீள நீளமான முடி. அவர் தலையில் மிச்சமிருப்பதை ஒரு சிட்டிகையில் அடக்கிவிடலாம், அதற்கு இந்தக் குற்றத்தில் பங்கே இல்லை. எல்லாம் அவர் மனைவியுடையது.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கவுன்டரில் நிற்பவள். வருகிறவர்களின் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில், இவருக்கு வட்டம் சரிவராது, சதுரம்தான் என்று சொல்லிவிடுவாள். அந்த வேலை என்றால் அவளுக்கு உயிர். ஆனால் அந்தக் கடையில் சுவரெல்லாம் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் தன் வகிடு தெரிகிறது, வகிட்டில் தலைத்தோல் தெரிகிறது. போன வாரம் ஒரு சின்னப் பிள்ளை, "ஆன்ட்டி, உங்க முடி என் மேல விழுது" என்று சொல்லிவிட்டது. அன்றோடு கடைக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

"நாளைக்கு முதலாளிக்குப் போன் பண்ணி வேலைய விட்டுட்டேன்னு சொல்லிடப் போறேங்க."

"அவசரப்படாதம்மா. இப்போதைக்கு லீவு மட்டும் சொல்லு. தண்ணிதான் கோளாறு. நான் பார்த்துக்கறேன்."

அடைப்பு அண்ணனுக்குத் தொழிலில் ஒரே ஒரு சட்டம்தான். தண்ணீர் எங்கே நிற்கிறதோ, அதை ஒட்டித்தான் கோளாறு இருக்கும். தூரத்தில் போய்த் தேடுகிறவன் முட்டாள். தலையை ஒட்டி என்ன இருக்கிறது? தண்ணீர். அப்புறம் என்ன யோசனை? ஏணி ஏறக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், ஆள் வைத்துத் தொட்டியைக் கழுவினார். வடிகட்டி மாட்டினார். நன்றாக இருந்த குழாயை வெட்டி எறிந்துவிட்டுப் புதுக் குழாய் போட்டார். ஒரு பாட்டிலில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டுபோய்ப் பரிசோதனைக்குக் கொடுத்தார். "தண்ணி நல்லாத்தானே இருக்கு" என்றார்கள். அவர் நம்பவில்லை. மனைவி தலைக்குக் குளிக்கக் குடிதண்ணீர் கேன் வாங்கி வந்தார். முடி அதிலும் கொட்டியது.

இதற்குள் அவருடைய அக்காவுக்கு விஷயம் எட்டிவிட்டது. அக்கா வந்தாள், பார்த்தாள், "எண்ணெயே தேய்க்கறதில்ல, அதான்" என்றாள். இரண்டு நாள் கழித்து வந்து, "இவ்வளவு எண்ணெய் தேய்ச்சா கொட்டாம என்ன பண்ணும்?" என்றாள். வெங்காயச் சாறு பூசச் சொன்னாள், வீடே நாறியது. ஷாம்பூவை மாற்று என்றாள், பிறகு ஷாம்பூவே கூடாது என்றாள். இறுக்கிப் பின்னாதே, ஈரத்தோடு கொண்டை போடாதே, இழுத்துச் சீவாதே. கடைசியாக, "கவலைப்பட்டாத்தான் கொட்டும், கவலைப்படாத" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதிலிருந்து மனைவி, கவலைப்படுகிறோமே என்று வேறு கவலைப்பட ஆரம்பித்தாள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ததில், எது உதவுகிறது, எது கெடுக்கிறது என்பது யாருக்கும் புரியவில்லை. தலை எரிந்தது, அவ்வளவுதான் தெரிந்தது.

வேறு வழியில்லாமல் டாக்டரிடம் போனார்கள். வாசலில் 'தோல் மருத்துவர்' என்று போட்டிருந்ததைப் பார்த்து அண்ணனுக்கு அங்கேயே முதல் குழப்பம். முடிக்கும் தோலுக்கும் என்ன சம்பந்தம்?

டாக்டரம்மா நிதானமானவர். முடியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். ஒரு கற்றையை விரல்களுக்கு நடுவில் பிடித்து மெல்ல இழுத்தார். கையோடு வந்தவற்றின் வேர்முனையை விளக்கில் காட்டிப் பார்த்தார். அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ இப்படி உண்டா, மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, புதிதாக ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டுக்கொண்டே போனார். எல்லாவற்றுக்கும் தலையாட்டலும் மறுப்புமாகப் பதில் வந்தது.

"திட்டுத் திட்டா இல்ல, தலை பூராவும் சமமா கொட்டுது. தோல் நல்லா இருக்கு. சரி, ஒரு மூணு மாசத்துக்கு முன்னாடி உடம்புக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலையேங்க" என்றாள் அவள்.

"பெரிய காய்ச்சல்? ஆபரேஷன்? பிரசவம்? பட்டினி கிடந்து எடை குறைச்சீங்களா?"

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "டாக்டர், முடி இப்ப கொட்டுது. மூணு மாசத்துக்கு முன்னாடி என்னங்க இருக்கு? அன்னிக்கு உடைஞ்ச குழாய் இன்னிக்கா ஒழுகும்?"

"தலைமுடியில அப்படித்தாங்க. உடம்புக்குப் பெரிய அடி விழுந்தா, நெறைய முடி ஒரே சமயத்துல வளர்றத நிறுத்திடும். ஆனா உடனே விழாது. ரெண்டு மூணு மாசம் கழிச்சு மொத்தமா விழும். அப்ப எல்லாரும் நேத்து போட்ட ஷாம்பூவையும் தண்ணியையும் திட்டுவாங்க."

அண்ணன் தலையைச் சொறிந்தார். தொழிலில் அவருடைய ஒரே சட்டம் கண் முன்னால் கவிழ்ந்துகொண்டிருந்தது. "ஆனா இவளுக்கு ஒண்ணும் ஆகலைங்க. அப்ப அடிபட்டது எனக்குத்தான். தண்ணித்தொட்டி ஏணியிலேர்ந்து விழுந்து, இடுப்பெலும்பு போய், மாசக்கணக்குல ஆஸ்பத்திரில கிடந்தேன். இவ கல்லு மாதிரி கூடவே இருந்தா."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "கூடவே இருந்தாங்கன்னா, என்ன சாப்பிட்டாங்க?"

அண்ணன் வாயைத் திறந்தார். தனக்கு வந்த கஞ்சி, சூப், பழச்சாறு எல்லாம் வேளை தவறாமல் ஞாபகத்தில் இருந்தது. எந்த நர்ஸ் ஊட்டினாள் என்றுகூடச் சொல்வார். மனைவி கையில் ஒரு தட்டைப் பார்த்ததாக ஞாபகமில்லை. "தினம் கேப்பேங்க. சாப்பிட்டியான்னு கேட்டா, ஆச்சும்பா."

"ஆச்சுன்னா, என்ன சாப்பிட்டு ஆச்சும்மா?" என்று டாக்டர் அவளைக் கேட்டார்.

அவள் புடவை முந்தானையைப் பார்த்தபடி, "டீ" என்றாள். பிறகு, "சில நாளைக்கு பன்னு" என்றாள்.

"தூக்கம்?"

அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள்.

இரும்புச்சத்து, தைராய்டு இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை எழுதினார் டாக்டர். முடிவு வந்த பிறகுதான் மாத்திரை. அதுவரை முட்டை, பருப்பு, கீரை, மூன்று வேளைச் சாப்பாடு. வெங்காயத்தைச் சமையலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னார். "இந்த மாதிரி விழுந்த முடி பெரும்பாலும் தானா திரும்ப வளரும். ஆனா சில மாசம் ஆகும். வகிட்டுக்கிட்ட குட்டிக் குட்டியா இப்பவே மொளைக்குது, பாருங்க." அவள் கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். வெகுநாளைக்குப் பிறகு அவளாகக் கண்ணாடி கேட்டு வாங்கியது அன்றுதான்.

வெளியே வந்ததும் எதிரில் இருந்த சாப்பாட்டுக் கடைக்கு அவளைக் கூட்டிப்போய் உட்காரவைத்தார் அண்ணன். இருவருக்கும் சாப்பாடு சொல்லி, அவளுக்கு இரண்டு முட்டை சேர்த்துச் சொன்னார். தட்டு வந்தது. அவருக்கோ குழப்பம் தீரவில்லை, கோபம் வேறு வந்தது.

"ஏம்மா, கேன்டீன் கீழதானே இருந்துச்சு? கையில காசும் இருந்துச்சு. எனக்குத்தான் ஒண்ணுமில்லையே, நான்பாட்டுக்கு எல்லாரையும் சிரிக்க வச்சுகிட்டுக் கிடந்தேன். நீ எதுக்குப் பட்டினி கிடந்த?"

அவள் முட்டையைப் பிட்டாள். "ஆபரேஷனுக்கு முந்தின நாள் பெரிய டாக்டர் என்னைத் தனியா வெளிய கூப்பிட்டாருங்க. உள்ளுக்குள்ள ரத்தம் கசியுது, பிழைச்சு வர்றதே சந்தேகம், மனச தயார் பண்ணிக்கோங்கன்னாரு. உள்ள வந்தா, நீங்க பக்கத்துக் கட்டில்காரர்கிட்ட ஜோக் சொல்லிட்டு இருக்கீங்க. எப்படிங்க சொல்றது? அப்புறம் நீங்க பிழைச்சீங்க. சொல்லி என்ன ஆகப் போகுதுன்னு விட்டுட்டேன்."

தான் அவ்வளவு மோசமாக இருந்தது அடைப்பு அண்ணனுக்கு அந்த நிமிடம்வரை தெரியாது. விழுந்த கதையை இத்தனை நாளும் தெருவெல்லாம் நடித்துக்காட்டிச் சிரித்திருக்கிறார். பக்கத்தில் நின்று அவளும் சிரித்திருக்கிறாள்.

"நாளைக்குக் கடைக்குப் போறேன்" என்றாள் அவள், தட்டிலிருந்து நிமிராமல். பசி வந்துவிட்டது போலிருக்கிறது, வேகமாகவே சாப்பிட்டாள். அவருக்குத்தான் ஒரு வாய் இறங்கவில்லை.