ஃபிட்டர் அக்காவின் பூட்டு

ஆலையில் பழுதுபார்க்கப் பம்பைப் பிரிக்கும்முன், வேலை செய்பவர்கள் மோட்டார் சுவிட்சில் ஆளுக்கொரு பூட்டு மாட்டுவார்கள். மாட்டியவர்தான் வந்து திறக்க வேண்டும். அதுவரை மோட்டார் ஓடாது.

ஞாயிற்றுக்கிழமை ஃபிட்டர் அக்கா தன் ஒற்றைத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அந்த வாரத்தில் வந்த முதல் அழைப்பு. பம்ப் ஆபரேட்டர் பேசினான்.

“அக்கா, நேத்து பம்பை மாட்டி முடிச்சிட்டு பூட்டை எடுக்காமயே போயிட்டீங்க. எல்லாரும் உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்.”

“மறந்துட்டேன் தம்பி.”

“போன மாசமும் மறந்தீங்க. வரும்போது தலையையாவது மறக்காம எடுத்துட்டு வாங்க.”

அவள் மறக்கவில்லை. நேற்றே தலைக்குக் குளித்து, சாவியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு போனுக்காகக் காத்திருந்தாள்.

பூட்டைத் திறந்ததும் மோட்டார் உறுமியது. எல்லோரும் அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள். அந்தச் சத்தத்தில் அவள் “வர்றேன்” என்றது யாருக்கும் கேட்கவில்லை.