பழத்துக்கு ஒரு குடம்

குத்துக்கல்வலசையில் தங்கபுஷ்பத்தின் வீட்டு எலுமிச்சை மரத்துக்கு ஒரு சட்டம் உண்டு. காசு வேண்டாம், பழம் பறித்தவள் கிணற்றில் ஒரு குடம் இறைத்து மரத்தின் அடிமூட்டில் ஊற்றிவிட்டுப் போக வேண்டும். மரத்துக்குத்தான் தாகம் என்று ஊர் நினைத்தது. தாகம் தங்கபுஷ்பத்துக்கு. குடம் நிறைகிற வரைக்குமாவது வந்தவள் நின்று பேசுவாள் அல்லவா!

புருஷன் போய்ச் சேர்ந்து, பிள்ளையும் இல்லாத வீடு. ஊரில் கல்யாணம் என்றால் தாம்பாளத்தில் வைக்க அவள் மரத்துப் பழம் போகும். அவள் போக முடியாது. தாலியறுத்தவள் எதிரே வரக்கூடாதாம், அவள் வளர்த்த பழம் மட்டும் வரலாமாம். என்ன நியாயமோ!

அந்த வருஷம் ஐப்பசியில் பிடித்த மழை மார்கழி வரை விடவில்லை. கிணறு கைக்கு எட்டுகிற அளவுக்கு நிறைந்தது. அப்போதும் பழத்துக்கு வந்தவர்கள் சேலைத் தலைப்பால் முக்காடு போட்டுக்கொண்டு ஒரு குடம் ஊற்றினார்கள்.

"அதான் மழை கொட்டுதே சித்தி" என்று சிரித்தாள் முப்பிடாதி. அடுத்த தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த சின்னப்பெண்.

"சட்டம்னா சட்டந்தான் ஏட்டி" என்றாள் தங்கபுஷ்பம்.

தை பிறந்தபோது மரத்தின் இலைகள் மஞ்சளித்துக் கிடந்தன. நுனிக்கொம்புகள் காய்ந்தன. பசியாக்கும் என்று அரிசி களைந்த தண்ணீரையும் கொண்டுவந்து கொட்டினாள். மரம் இன்னும் கொட்டியது, இலையை.

வாசுதேவநல்லூரிலிருந்து வண்டியில் எலுமிச்சை கொண்டுபோகிற இசக்கிப்பாண்டியை ஒருநாள் வழிமறித்துக் கூட்டிவந்தாள். அவர் மூட்டு மண்ணைத் தோண்டி ஒரு வேரை இழுத்தார். தோல் வழன்று கையோடு வந்தது. முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"வேரு அழுகிப்போச்சுக்கா. இந்த மழையில யாரு தண்ணி ஊத்துனது?"

தன் பேச்சுத்துணைக்காக மரத்தை மூழ்கடித்துவிட்டோம் என்று அப்போதுதான் தங்கபுஷ்பத்துக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

"அழுகுன வேர நறுக்கிருங்க. மூட்டு மண்ண விலக்கிக் காத்து படவிடுங்க. தண்ணி வடிய ஓடை வெட்டணும். பூ, பிஞ்சு, காய் ஒண்ணும் இருக்கப்படாது, எல்லாத்தையும் கிள்ளிப் போட்டுருங்க. நோவு வந்தவ தலையில சுமைய ஏத்தலாமா? ஒரு வருசம் காய் எடுக்காதீங்க."

"ஒரு வருசமா? அதுவரைக்கும் ஒருத்தியும் வரமாட்டாளே அண்ணாச்சி."

"வராம இருந்தாத்தான் மரம் பிழைக்கும்" என்றார் அவர்.

அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் கிள்ளினாள். கொத்துக் கொத்தாகப் பிஞ்சுகள். முறத்தில் அள்ளும்போது, வாசலுக்கு வரவேண்டியவர்களைத் தானே விரட்டுவது போல இருந்தது.

முப்பிடாதியின் நாத்தனாருக்குக் கல்யாணம் வந்தது. பழம் கேட்டு வந்தாள். இல்லை என்று சொல்லி அனுப்ப வேண்டியதாயிற்று. தென்காசிச் சந்தையில் வாங்கிக்கொண்டார்கள். அதோடு கிணற்றடிக்கு வருகிற தடத்தில் புல் முளைத்தது. காய்த்த மரம்தான் கல்லடி படும் என்பார்கள். கல்லடி கூடக் கிடைக்காத மரத்தின் பாடு சொன்னவர்களுக்கு எங்கே தெரியும்?

ஆனியில் சாரல் பிடித்தது. குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிற ஜனத்தைத் திணித்துக்கொண்டு பஸ்கள் வாசலைத் தாண்டிப் போயின. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தங்கபுஷ்பம் மழையில் நனைந்தபடி மண்வெட்டியால் ஓடையைத் தூர்வாரினாள். மரத்தைச் சுற்றி ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கவிடவில்லை. பேச ஆள் இல்லாமல் மரத்திடமே பேசினாள், ஏசவும் செய்தாள்.

ஒருநாள் மொட்டைக் கொம்பில் விரல்நகம் அளவுக்குக் கொழுந்து தெரிந்தது. யாரிடம் ஓடிப்போய்ச் சொல்வது? மண்வெட்டியைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

மறு வருஷம் மரம் காய்த்தது. ஊருக்குத்தான் தெரியாது. கீழே விழுந்த பழங்கள் மூட்டிலேயே காய்ந்தன.

மாசியில் முப்பிடாதி வந்தாள். மசக்கையில் முகம் வெளுத்திருந்தது. "வாயெல்லாம் கசக்குது சித்தி. ஒரு பழம் கிடைக்குமா?"

பறித்துக்கொண்டாள். பழைய வழக்கத்தில் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்கு நடந்தாள்.

"வேண்டாம் ஏட்டி! தண்ணி ஊத்தாத."

"அப்ப பழத்துக்கு நான் என்ன செய்ய?"

இத்தனை வருஷமும் ஒரு குடத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்ததைத் தங்கபுஷ்பம் அன்றைக்குத்தான் வாய்விட்டுக் கேட்டாள்.

"செத்த நேரம் சும்மா இருந்துட்டுப் போ."

முப்பிடாதி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அடுப்புல உலை கிடக்கு சித்தி."

"அப்பஞ்சரி. போய்ட்டு வா."

எடுத்த குடம் கையிலேயே இருக்க, வாசல் படல் வரைக்கும் போனவள் நின்றாள். திரும்பி வந்து, குடத்தைக் கீழே வைத்துவிட்டு, துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள்.

"உலை கொதிச்சா எங்க அத்தை பாத்துக்கிடுவாக."

ஒரு வருஷமாகச் சேர்த்துவைத்த பேச்சில் ஒன்றுகூடத் தங்கபுஷ்பத்தின் வாயில் வரவில்லை. முப்பிடாதி பழத்தை முகர்ந்துகொண்டு சும்மா இருந்தாள்.