பத்து வாக்கியங்கள்

முகத்தை அசைக்காதே. கண் வரிமேல் ஓடட்டும். மூன்றாவது வரியில் மட்டும் நின்றுவிடாதே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். எதிரே நின்றவர் என் மாணவியின் கணவர். நர்ஸான அவளுடைய ஸ்பானிஷ் நோட்டை என் மேஜைமேல் விரித்திருந்தார்.

"பீரோவுல துணிக்கு அடியில இருந்துச்சு டீச்சர். பாட நோட்டை எதுக்கு ஒளிச்சு வைக்கணும்? கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

தப்பு என்னுடையது. போன வாரம், வழக்கமாக நடந்ததைச் சொல்லும் இறந்தகாலம் நடத்தினேன். பேசுவதற்கு 'ஆப்லார்'. வாலை நறுக்கி 'ஆபா' ஒட்டினால் 'ஆப்லாபா', அப்போதெல்லாம் பேசுவேன். 'எர்', 'இர்' என்று முடிபவற்றுக்கு 'ஈயா'. "வீட்டுல தினமும் நடந்ததை வச்சுப் பத்து வாக்கியம் எழுதுங்க. பொய் எழுதினா மனசுல ஒட்டாது" என்றேன். டிரைவர் ஒருவர் 'தினமும் பள்ளிக்கு மட்டம் போடுவேன்' என்று எழுதி வகுப்பையே சிரிக்க வைத்தார்.

அவள் சிரிக்கவில்லை. ஒரு விகுதிகூடப் பிசகாமல் உண்மையை எழுதியிருந்தாள்.

'செர்ராபா': அவர் வெளியிலிருந்து கதவைச் சாத்துவார். 'எஸ்பெராபா': நான் ஜன்னலோரம் காத்திருப்பேன். 'எஸ்கோந்தீயா': அவர் என் செருப்பை ஒளித்து வைப்பார்.

"அவங்க இன்னிக்கு ஏன் வரல?"

"செருப்பைக் காணோமாம்." சிரித்தார். "அடுத்த மாசம் பரீட்சை எழுதி வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்குப் போகப்போறாளாம். இதுல என்ன இருக்குன்னு தெரிஞ்சாதானே அனுப்பலாமா வேணாமான்னு சொல்ல முடியும்?"

மழை பெய்யும், பால் குடிப்பேன் என்று ஏதாவது அளந்துவிடலாம். பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் விரல் பக்கத்தில் இறங்கியது.

"இந்த ரெண்டெழுத்து வரிக்கு வரி வருதே, இது யாரு?"

'எல்'. அவர். நோட்டை என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"சொல்ல இவ்வளவு யோசனையா? போன்ல காட்டினா அதுவே படிச்சிடுமாம். மரியாதைக்காகத்தான் உங்ககிட்ட வந்தேன்."

சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். அது பக்கத்துக்கு மேல் வருவதற்குள் நோட்டை மூடினேன். டிராயரில் வைத்துப் பூட்டினேன். சாவியை உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொண்டேன்.

"இன்னும் திருத்தல சார். திருத்தினதும் எழுதினவங்க கையில குடுப்பேன்."

"நான் அவ புருஷன்."

"தெரியுது. அவங்க வந்து வாங்கிக்கட்டும்."