செபமாலையில் வந்த நித்திரை

றெனால்டுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வராதா பின்னே? செபமாலை மாதத்தில் மாதா சுருபத்தைப் பள்ளிமுனையில் வீடு வீடாகக் கொண்டுபோய் வைத்துச் செபம் சொல்வார்கள். இன்று அவன் வீட்டு முறை. மனைவி அன்ரோனெற் காலையிலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டே கூட்டித் துடைத்துப் பூ வைத்திருந்தாள். அந்த நேரம் பார்த்துச் செபக்குழுத் தலைவி றெபேக்கா படலையடியில் வந்து நின்று, "இந்தமுறை உங்கட வீட்டை விட்டுட்டுப் போவம், தம்பி" என்றாள்.

"ஏன்?"

"நேற்று அலெக்ஸாண்டர் வீட்டில செபம் நடக்கேக்க உங்கட மனிசி குறட்டை விட்டவ. மாதாவுக்கு முன்னால இப்பிடியோ? பகலெல்லாம் நித்திரை தூங்கி விழுறா. சரியான பஞ்சி."

பஞ்சியாம், சோம்பலாம்! வலையில் நண்டு கழற்றிக் கழற்றியே பழுதாய்ப்போன இடுப்பு அது. இந்தப் பக்கம் திரும்பினால் குத்தும், அந்தப் பக்கம் திரும்பினால் இழுக்கும். விடியும்வரை சுவரில் சாய்ந்திருப்பாள். நித்திரை கெட்டால் அடுத்த நாள் இடுப்பு நோ இன்னும் கூடும். கிளினிக்கில் கேட்டால், "நல்லா நித்திரை கொள்ளுங்கோ, நோ குறையும்" என்கிறார்கள். நோ விட்டால்தானே ஐயா நித்திரை வரும்!

"அக்கா, மாசக்கணக்கில அவள் ஒழுங்காக் கண் மூடேல்லை." றெனால்ட் கத்தியே விட்டான். "நேற்று நீங்கள் எல்லாரும் அருள் நிறைந்த மரியே சொல்லச் சொல்ல, அந்தச் சத்தத்திலதான் கொஞ்சம் கண்ணயர்ந்தவள். மாதா குடுத்த நித்திரையைக் குற்றமெண்டு சொல்ல நீங்கள் ஆர்? சுருபம் இஞ்ச வரவேணும். இல்லாட்டி நாளைக்குப் பூசையில எல்லாருக்கும் முன்னால கேப்பன்."

றெபேக்கா படலையைச் சாத்திவிட்டுப் போனாள்.

பொழுதுபடச் சுருபம் வந்தது. சனமும் வந்தது. அன்ரோனெற் முதுகுக்குத் தலையணை வைத்து, சுருபத்துக்குக் கீழே பாயில் இருந்தாள். வெட்கத்தில் கண்ணை அகல விழித்தாள். தொடையைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தாள். பாவம், செபமாலையின் இரண்டாவது பத்திலேயே தலை சரிந்தது. மூன்றாவதில் குறட்டை. யாரோ சிரித்தார்கள். றெனால்ட் திரும்பி ஒரு பார்வை பார்த்தான், சிரிப்பு அடங்கியது.

செபம் முடிந்தது. முடிவுப் பாட்டுக்கு றெபேக்கா எழும்பப் போனாள்.

"இருங்கோ அக்கா," என்றான் றெனால்ட். "சத்தம் நிண்டால் முழிச்சுப்போடுவாள். திரும்ப முதலில இருந்து சொல்லுங்கோ."

"ஐயோ தம்பி, எனக்கு முழங்கால் நோகுது!"

"நோகுதோ?" என்றான் அவன். "கவனம் அக்கா, நொந்தால் நித்திரை வராது."

வாய் திறந்தபடி தூங்கும் அன்ரோனெற்றை றெபேக்கா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மறுபடியும் முழந்தாளிட்டு, சிலுவை அடையாளம் போட்டாள்.